பிளமேனாவைப் பேச வைக்க நான் செய்த முயற்சிகள்

1

இந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தோள்கள் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம், பரவாயில்லை. படம் வந்துவிட்டது. இது இதயம். இவை விலா எலும்புகள். எண்ணிப் பார், ஒன்பது, பத்து. நன்றாகத்தான் மூச்சை இழுத்திருக்கிறாள். இது... இது என்ன? முகத்தை மாற்றாதே, பிளமேனா. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மேலே இருப்பது பிளமேனா மனதில் ஓடியது. அதாவது, ஓடியிருக்கும் என்று நான் எழுதியது. அவள் உண்மையில் என்ன நினைத்தாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது.

கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் பொதுவாக மழையையோ ரயில் ஜன்னலையோ சொல்வார்கள். என் கதைக்கு அந்த மரியாதையெல்லாம் இல்லை. மார்ச் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, எங்கள் ஊர் மருத்துவமனையில் என் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எடுத்தவள் எக்ஸ்ரே படிக்கும் மாணவி. படத்தைப் படித்துச் சொல்ல வேண்டிய டாக்டர் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார். மூன்றாம் தேதி தேசிய விடுமுறை, பின்னாலேயே சனி, ஞாயிறு. இனி திங்கட்கிழமை காலையில்தான் எனக்கு விடை.

ஆக, என் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவளுக்கு இருபது வயது. வாயைத் திறக்க மாட்டாள்.

நான் கதை எழுதுகிறவள். ஒருத்தியைப் பேச வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவளைக் கதாபாத்திரமாக்குவது.

2

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். (இந்த வாக்கியத்தை எழுதும் எழுத்தாளர்களை நான் நம்புவதில்லை. மன்னிக்கவும்.)

எங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியின் இயக்குநர் குருமோவ். மருத்துவக் கல்லூரி என்றதும் பெரிய கட்டடம் எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அங்கே டாக்டர்கள் உருவாவதில்லை. டாக்டரைச் சுற்றி நிற்பவர்கள் உருவாகிறார்கள்: எக்ஸ்ரே எடுப்பவர்கள், ரத்தம் பரிசோதிப்பவர்கள், விழுந்தவர்களை மறுபடி நடக்க வைப்பவர்கள், பல்செட் செய்பவர்கள். ஊரில் குழந்தைகள் குறைந்து மூடிப்போன பாலர் பள்ளிக் கட்டடத்தில்தான் கல்லூரி நடக்கிறது. கோட்டு மாட்டும் கொக்கிகள் இன்னும் இடுப்பு உயரத்தில்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு விலங்குப் படத்தோடு. வளர்ந்த பெண்கள் குனிந்து வெள்ளைக் கோட்டை மாட்டுகிறார்கள். பிளமேனாவின் கொக்கி முள்ளெலி.

குருமோவ் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"எக்ஸ்ரே வகுப்புல போன வருஷம் ஆறு பேருதான் சேர்ந்தாங்க. இந்த வருஷம் பத்துப் பேராவது வரலைன்னா வகுப்பையே மூடச் சொல்லிடுவாங்க. நீங்க எழுத்தாளராச்சே, ஒரு சின்னப் புத்தகம் எழுதிக் குடுங்க. ஒரு பொண்ணு வர்றா, படிக்கிறா, வேலை கெடைக்குது. அவ்வளவுதான்."

"ஜெர்மனியில வேலை கெடைக்கும்னு எழுதலாமா?"

"ஐயையோ, எழுதிடாதீங்க! நம்ம ஆஸ்பத்திரிக்கே ஆள் இல்ல." மேசைமேலிருந்த சேர்க்கைப் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா அதை எழுதலைன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க. எழுதின மாதிரியும் இருக்கணும், எழுதாத மாதிரியும் இருக்கணும். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்."

என் தொழிலை இவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை.

நான் போன அன்று மார்ச் ஒன்று. அன்றைக்கு எங்கள் நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும், நோய் அண்டாதிருக்க, சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய மார்ச் நூலைக் கட்டிவிடும் நாள். வகுப்பில் தொங்கிய எலும்புக்கூட்டுக்கும் மணிக்கட்டில் நூல் இருந்தது. என் கையில் மூன்று பேர் கட்டினார்கள். கடைசியாக உயரமான ஒரு பெண் வந்து, மார்ச் நூலில் சின்னத் தகரக் காசு கோத்த ஒன்றை என் மேல்சட்டையில் ஊசியால் குத்திவிட்டாள்.

"இருமுறீங்களே மேடம், இது நெஞ்சுகிட்ட இருக்கட்டும்."

அவள்தான் பிளமேனா. பக்கத்தில் நின்ற ஆசிரியை வெனெட்டா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இந்த இருமல்?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"நூல் கட்டிக்கிட்டு நிக்காதீங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. எங்க பசங்களுக்கும் பயிற்சி அங்கதான்."

3

புத்தகத்துக்காக எழுதி அடித்தவை:

"இங்கே படித்தால் நீங்கள் மனிதர்களின் உள்ளே பார்ப்பவராக..."

"இரண்டு கைகள், ஒரு வெள்ளைக் கோட்டு, மூன்று வருடம், பிறகு உலகமே..."

"டாக்டராக முடியவில்லையா? கவலை..." (இதை எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன்.)

4

வியாழக்கிழமை நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அறை குளிராக இருந்ததால் மெல்லிய உள்சட்டையோடு நிற்கலாம் என்றாள் வெனெட்டா. "உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. மார்ச் நூல் இருந்தா அதையும் கழட்டுங்க. சனியன், மார்ச் மாசம் வந்தா ஊர்ல பாதிப் பேருக்கு நெஞ்சுல மணியும் காசுமாத் தெரியும்" என்றாள். மணிக்கட்டு நூல்களை அவிழ்த்துக் கொடுத்தேன். வெனெட்டாவை யாரோ போனில் கூப்பிட்டார்கள். போனாள். நானும் பிளமேனாவும் மட்டும்.

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க."

பிடித்தேன். இயந்திரம் முனகியது. அடுத்து "மூச்சு விடுங்க" என்று வர வேண்டும். வரவில்லை. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வரை எண்ணினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது. அப்புறம்தான், "ஆங், மூச்சு விடுங்க, விடுங்க!"

பிறகு சொன்னாள்: "பக்கவாட்டுல இன்னும் ஒண்ணு எடுக்கணும், மேடம்."

எடுத்தாள். சட்டை போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"என்னம்மா தெரிஞ்சுது?"

"டாக்டர் சொல்வார்."

மூன்று தடயங்கள். மறந்துபோன மூச்சு, மாறிய முகம், இரண்டாவது படம். துப்பறியும் கதையாக இருந்தால் இந்நேரம் ஆளைப் பிடித்திருப்பார்கள்.*

* இங்கே ஆள் நான்தான்.

5

அவள் ஏன் சொல்ல மாட்டாள் என்பதை வாசகருக்குச் சொல்லாமல் விட்டால் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பீர்கள். எனக்கும் அது வசதிதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை, புத்தகத்துக்காக வெனெட்டாவின் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பாதிப் பாடம் முகத்தைப் பற்றி.

"படத்தை மொதல்ல பாக்கறது நாம. மொதல்ல பேசறது நாம இல்ல," என்றாள். "ராடோ, என்னடா அது உன் மூஞ்சி, தந்தி ஆபீஸா? எல்லாச் செய்தியும் ஒடனே வெளிய வருது!"

சிரித்தார்கள். பிளமேனா கேட்டாள்: "நல்லதா இருந்தா சொல்லலாமா, டீச்சர்?"

"கூடவே கூடாது. இன்னைக்கு ஒருத்தர்கிட்ட ஒண்ணுமில்லைன்னு சொல்லுவ. நாளைக்கு வர்றவர்கிட்ட வாயை மூடிக்கிட்டு நிப்ப. அப்ப அவருக்குப் புரிஞ்சிடாதா? இவருக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்ன வாயாலதான் அவருக்கு இருக்குன்னு சொல்ற."

போன இலையுதிர் காலத்தில் ஒரு மாணவன் பாவம் பார்த்து, "ஒண்ணுமில்ல, தைரியமா வீட்டுக்குப் போங்க" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டானாம். ஆனால் இருந்ததாம். பயிற்சியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது டயர் கடையில் இருக்கிறான். பிளமேனாவுக்கு ஜூலையில் அரசுத் தேர்வு. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் அவளும் டயர் கடைதான்.

இதெல்லாம் தெரிந்தும்தான் கேட்கிறேன். நான் நல்ல பெண்மணி என்று இந்தக் கதையில் எங்கும் சொல்லவில்லை.

6

வெள்ளிக்கிழமை. ஊரே கொடியேற்றப் போயிருந்தது. நான் லிண்டன் பூத் தேநீரோடு உட்கார்ந்து பிளமேனாவின் படிப்பை மாற்றினேன். என் காகிதத்தில் அதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டாம்.

முதலில் அவளை நடை பழக்கும் பிரிவுக்கு அனுப்பினேன். அவர்கள் வாயாடிகள். முட்டியை மடக்கிக்கொண்டே மாமியார், மருமகள், தக்காளி நாற்று எல்லாம் பேசுவார்கள். எதிர்பார்த்தபடியே இந்தப் பிளமேனா பேசினாள், பேசினாள், நிறுத்தவே இல்லை. ஆனால் அவளிடம் படம் இல்லை. என் முதுகைத் தட்டி, "கூன் போடாதீங்க மேடம்" என்றாள். எழுதியதை அடித்தேன்.

அடுத்து ஆய்வகம். வெளிச்சமான அறை, நல்ல வேலை, ஞாயிறு விடுமுறை. அவளுக்கு நான் ஒரு குழாயின் மேல் ஒட்டிய எண். எண்ணைப் பார்த்து யாருக்கும் முகம் மாறாது. அடித்தேன்.

அடுத்து பல். அங்கே சோப்புக் கட்டியில் கடைவாய்ப் பல் செதுக்கிப் பழகுகிறார்கள். உள்ளங்கை அளவுப் பல். பிளமேனா அழகாகச் செதுக்கினாள். நுனி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒவ்வொரு குழியாக இழைத்தாள், அரை மணி நேரம் என் நினைவே இல்லாமல். அவள் அங்கேயே இருந்துவிடட்டுமா என்றுகூட நினைத்தேன். சந்தோஷமாக இருந்தாள். சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைப்பாள், அண்டை ஊர்க்காரர்கள்கூடத் தேடி வருவார்கள்...

ஆனால் எனக்குப் பல்லில் ஒன்றும் இல்லை. அவளை இழுத்துக்கொண்டு வந்து மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினேன். வெள்ளைக் கோட்டில் சோப்புத் தூள் ஒட்டியிருந்தது.

(குருமோவுக்குக் கொடுக்க வேண்டிய புத்தகம் இப்படியே ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. நாலு படிப்பு, நாலு வேலை, ஒரே பெண்.)

பிறகு லஞ்சம். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை, ஆற்றைப் பார்த்த மாடி வீடு, சைக்கிள் ஒன்று. என் கதைக்குள் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொடுத்துக் கேட்டேன். அவள் கேட்டாள்:

"அங்கயும் இதே வேலைதானே, மேடம்?"

"ஆமா."

"அப்ப அங்கயும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருக்கணும்? அதுக்கு இங்கயே இருந்துடறேன். எங்கம்மா சீஸ் வச்சுச் சுடற பனிட்சா அங்க கெடைக்குமா?"

இந்தப் பதிலை நான் எழுதவில்லை. எழுதியது என் கைதான், ஆனாலும் நான் எழுதவில்லை. எழுதுகிறவர்கள் இதை நம்புவார்கள். மற்றவர்கள் நம்ப வேண்டாம்.

7

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

சனிக்கிழமை துணி துவைத்தேன். இயந்திரத்துக்குள் ஏதோ "டிங், டிங்" என்று சுற்றியது. நிறுத்திக் கையை விட்டுத் துழாவினேன். உள்சட்டை ஒன்றின் உட்புறத்தில், இடது பக்கம், ஊசியோடு அந்த மார்ச் நூல். தகரக் காசு பளபளவென்று கழுவப்பட்டிருந்தது.

புதன்கிழமை இரவு நான்தான் அதை மேல்சட்டையிலிருந்து எடுத்து உள்ளே குத்தினேன். நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று. நான் இப்படிப்பட்ட விஷயங்களைக் கேலி செய்து இரண்டு கட்டுரைகள் எழுதியவள். அதனால் யாருக்கும் தெரியாமல், எனக்கே அவ்வளவாகத் தெரியாமல், விளக்கைக்கூடப் போடாமல் குத்தினேன். வெனெட்டா நூல் இருந்தால் கழற்றச் சொன்னபோது மணிக்கட்டை மட்டும் நீட்டினேன். மறந்துவிட்டேனா, வெட்கமா? இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. நான் பெரும்பாலும் அங்கேதான் வசிக்கிறேன்.

சமையலறையில் கொஞ்சம் ஆடினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அவள் பார்த்தது தகரம்! வட்டமாக, வெள்ளையாக, என் நுரையீரலுக்கு மேல் தகரக் காசு! முகம் மாறாமல் என்ன செய்யும்!

ஆட்டம் நின்றது. என்னிடம் ஒரே மாதிரி வெள்ளை உள்சட்டைகள் மூன்று இருக்கின்றன. வியாழக்கிழமை காலையில் போட்டுக்கொண்டது இதைத்தானா?

பக்கவாட்டுப் படத்தில் தெரிந்துவிடும். காசு என்றால் உடம்புக்கு வெளியே நிற்கும். மற்றது என்றால் உள்ளே. ஆகவே பிளமேனாவுக்குத் தெரியும். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் அவள் அம்மா சுட்ட பனிட்சாவைத் தின்றுகொண்டு, தெரிந்துகொண்டு, இருக்கிறாள்.

8

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

அ) ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக் கடையில் சந்திக்கிறோம். அவள் என் காதில், "காசு மேடம், காசு" என்கிறாள். கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். (டயர் கடை.)

ஆ) அதே கடை. அவள் என்னைப் பார்த்ததும் வேறு வரிசைக்குப் போகிறாள். (இதை எழுதிவிட்டு அன்று ரொட்டி வாங்கவே போகவில்லை.)

இ) திங்கட்கிழமை, டாக்டர் அறை வாசலில், வியாழக்கிழமை மறந்ததை இப்போது சொல்கிறாள்: "மூச்சு விடுங்க, மேடம்." கதை முடிகிறது. எல்லோர் கண்ணிலும் நீர்.

மூன்றாவது மிகவும் அழகாக இருக்கிறது. அழுக்கே படாத முடிவுகளைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். அடித்துவிட்டேன்.

பதிலாக வேறு ஒன்று செய்தேன். இதுவரை எழுதியதையெல்லாம் நகல் எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்:

பிளமேனா கண்டது: ........................................

9

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே போய்விட்டேன். டாக்டர் அறைக்கு வெளியே நீளப் பெஞ்சு. பிளமேனா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தாள். பக்கங்களை நீட்டினேன்.

"கல்லூரிப் புத்தகத்துக்குத்தான். தப்பு ஏதாவது இருந்தா திருத்திக் குடு. கடைசில ஒரு எடம் காலியா விட்டிருக்கேன்."

உட்கார்ந்து படித்தாள். மேல் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த அடிப்பு படத்தில் வராது.

படித்து முடிக்க இருபது நிமிடம். இரண்டு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் "அடப்பாவமே" என்றாள். எது என்று பார்க்க எட்டினேன். தாளைச் சாய்த்துக்கொண்டாள். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரிக்குக் காட்டாதவள் அப்படித்தான் சாய்ப்பாள்.

திருப்பிக் கொடுத்தாள். ஓரங்களில் சின்னச் சின்ன எழுத்து.

இரண்டாம் பகுதியில்: "முள்ளெலி இல்லை, வாத்து."

நான்காம் பகுதியில், பதினொன்றை அடித்துவிட்டு: "நாலு. நானும் எண்ணினேன்."

அதற்குக் கீழே, அவள் முகம் மாறியது என்ற இடத்தில்: "நீங்கள் சுவரைப் பார்த்து, பலகைமேல் மோவாய் வைத்து நின்றீர்கள். கண்ணாடி உங்களுக்குப் பின்னால். என் முகம் தெரிந்திருக்க வழியில்லை."

அதற்கும் கீழே: "பக்கவாட்டுப் படம் டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தது. சீட்டைப் படிக்கவில்லையா?"

என் மூன்று தடயங்களும் போயின. நான்கு நாள் பயத்தை ஒரு பென்சில் இருபது நிமிடத்தில் திருத்திவிட்டது. அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அந்த முகத்தை நானே செய்து, நானே மாற்றி, நானே பயந்திருக்கிறேன்.

ஆனால் ஏழாம் பகுதியில், காசைப் பற்றிய பக்கத்தில், ஒரு கோடுகூட இல்லை. சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. கடைசி வரியில் நான் வைத்த புள்ளிகள் வைத்தபடியே இருந்தன.

"இங்க ஒண்ணும் எழுதலியே?"

"எப்படி எடுத்தேன்னு எவ்வளவு வேணாலும் கேளுங்க மேடம், சொல்றேன்," என்றாள். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது. "என்ன இருந்துச்சுன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

"அந்தக் காசாவது..."

"அதுவும் என்ன இருந்துச்சுன்னு கேக்கறதுதானே?"

கதவு திறந்தது. "தோஷேவா!" என்று என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

"கதையிலயாவது சொல்லேன், பிளமேனா," என்றேன். "கதைல சொன்னா யாரும் டயர் கடைக்கு அனுப்ப மாட்டாங்க. வாயைத் திறக்க வேண்டாம். காசுதான்னா சும்மா தலையை ஆட்டு. போதும்."

அவள் பென்சிலைப் பையில் வைத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் தன் தலையை, அசையாமல், இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.